குர்பசன் சிங்கின் வெள்ளை விரிப்பு

கற்பூரம் ஏற்றி அதன்மேல் அடித்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம். இனி வரப்போவதில் ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, மே மாதம் இருபதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் கரோல் பாக்கில் சேஷுவின் சிவப்புக் காரிலிருந்து ஒரு சொட்டு ஆயில் கூடக் கீழே விழவில்லை. கண்ணால் கண்டவர்கள் ஐந்து பேர். அதில் ஒருவர் வீட்டுக்காரர் குர்பசன் சிங். சேஷுவுக்காகப் பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் கிடையாது. உண்மையைச் சொல்லவும் பெரிய ஆசை கிடையாது. சாட்சி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

சேஷு மத்திய சர்க்காரில் அப்பர் டிவிஷன் கிளார்க். போன மழைக்காலத்தில் சாணக்யபுரியில் ஏதோ ஒரு தூதரகத்தில் பழைய சாமான் ஏலம் என்று கேள்விப்பட்டு, ஃப்ரிட்ஜ் வாங்கி வரச் சொல்லி மனைவி ருக்கு அவரை அனுப்பினாள். ஃப்ரிட்ஜைப் பார்ப்பதற்கு முன் அவர் அந்த வண்டியைப் பார்த்துவிட்டார். சிவப்பு. ரெண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. எஞ்சினும் கிடையாது, யாரோ முன்னாலேயே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஃப்ரிட்ஜ் விலைக்கே கிடைத்தது.

நாய்வாலா கலி என்கிற சந்தில் ஜம்பு என்கிற மெக்கானிக் அதற்குள் ஒரு டாக்சி எஞ்சினை உட்கார வைத்தான். உட்கார வைத்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. இடம் போதாமல் எஞ்சின் எக்கிக்கொண்டு நின்றது. அதற்காக பானெட்டில் சதுரமாக ஓட்டை வெட்டியதில், குளத்தில் கழுத்தளவு நிற்கும் எருமை மாதிரி எஞ்சின் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சேஷு வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக அதில் உட்கார்ந்து புசா ரோடு திரும்பும்போது டிராபிக் போலீஸ்காரன் சல்யூட் அடித்தான் என்று சொல்வார்கள். அதில் சந்தேகம் இருப்பவர்கள் விட்டுவிடலாம். கதைக்கு அது தேவையில்லை.

ஏலத்தில் கொடுத்த காகிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு வண்டியை விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, பதிந்து கொடுத்த விலாசத்தைத் தவிர வேறெங்கும் நிறுத்தி வைக்கவும் கூடாது. மீறினால் ஆபீசுக்குக் காகிதம் போகும். சேஷு அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். படிக்காமல் போட்டிருந்தால் தெரியாது என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஜனவரியில் ஒழுக ஆரம்பித்தது. முதலில் காலணா அகலம், பிறகு தட்டு அகலம். வண்டி நின்ற முற்றத்துக்கு வீட்டுக்கார சர்தார்ஜி அப்போதுதான் புதிதாக மொசைக் போட்டிருந்தார். ஏப்ரலில் அந்தக் கறை பாரத தேசப் படம் போலவே ஆகிவிட்டது. தெற்கே தள்ளி இலங்கை கூடத் தனியாகத் தெரிந்தது. மே மாதம் பதினாறாம் தேதி சர்தாரிணி குழாயடிக்குப் போகும் வழியில் அதில் கால் வைத்து, குஜராத்தில் கிளம்பி வங்காளம் தாண்டிப் போய்த்தான் நின்றாள். இடுப்பு பிடித்துக்கொண்டது.

அன்று சாயங்காலமே சர்தார்ஜி படியிறங்கி வந்தார். கத்தவில்லை. அதுதான் சேஷுவுக்குப் பயமாக இருந்தது.

"சேஷு பாபு, பஹுத் ஹோ கயா" என்று, போதும் போதும் என்கிற அர்த்தத்தில், ஆரம்பித்து நிதானமாக ஹிந்தியில் சொன்னார். அடுத்த திங்கட்கிழமை பெண்ணுக்கு நிச்சயம். அன்று காலையில் முற்றத்தில் கிரந்த பாட், அவர்கள் வேதப் பாராயணம். உட்கார வெள்ளை விரிப்பு வாங்கியாகிவிட்டது. ஞாயிறு நாலு மணிக்கு அதில் ஒன்றைக் கொண்டுவந்து இந்த வண்டிக்கு அடியில் விரிப்பேன். எஞ்சினைப் போட்டுக் காட்டு. ஐந்து மணி வரைக்கும் ஒரு பொட்டு விழுந்தால் மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணு.

"வண்டியை மட்டும்…" என்று சேஷு இழுத்தார்.

"வண்டிதான் உன்னை விட்டுப் போகாதே. நீயே காகிதத்தைக் காட்டினாயே" என்றார் சர்தார்ஜி.

பதினோரு வருஷமாக இருக்கிற வீடு. சேஷுவின் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரம். இதை விட்டால் யமுனைக்கு அந்தப் பக்கம்தான். பெண் லீவுக்குக் கும்பகோணம் போயிருந்தாள். திரும்பி வருவதற்குள் வீடு மாறியிருக்கும் என்று எப்படிக் கடுதாசி எழுதுவது என்பதே சேஷுவுக்கு மூன்று நாள் யோசனையாக இருந்தது.

கருப்பசாமியைக் கொண்டுவந்தது வீராயி. அவள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். ருக்கு வீடு முதல் வீடு. புருஷன் கருப்பசாமி விருதுநகர்ப் பக்கத்துக்காரன், லாரி மெக்கானிக். ரெண்டு பேரும் ஜண்டேவாலான் சரிவில் குடிசை போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை ஆறரைக்கே அவன் வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"என்ன சாமி, வண்டி இம்புட்டு இருக்கு, ஒழுக்கு அம்புட்டு இருக்கு?"

"எல்லா பேக்கிங்கும் மாத்தியாச்சுப்பா. ரெண்டு தரம். ஜம்பு கை வெச்சான், அப்புறம் இன்னொருத்தன் கை வெச்சான்."

"கை வச்சவுக கணக்கு கெடக்கட்டும். ஆயிலு எங்கிட்டு இருந்து வருதுன்னு யாராச்சும் பாத்தாகளா?"

"கீழேர்ந்துதான்."

"எல்லா ஆயிலும் கீழதான் சாமி விழும். மேல போறதுக்கு அது என்ன புகையா?"

எஞ்சினை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவித் துடைத்தான். வெள்ளைப் பவுடர் கேட்டான். காய்ந்த எஞ்சின்மேல் பவுடரைத் தூவி ஓட்டினால், ஆயில் கசிகிற இடம் மட்டும் நனைந்து கறுக்கும், ஓட்டை எது என்று காட்டிக் கொடுத்துவிடும். வீட்டில் பவுடர் டப்பா காலி. ருக்கு கோலமாவுச் சம்புடத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கல்லு மாவா மாமி?"

"எங்காத்துல கல்லு மாவெல்லாம் தொடறதில்லை. சுத்தமான அரிசி மாவு."

கருப்பசாமி ஒரு விநாடி தயங்கினான். பிறகு தூவினான். எஞ்சின் கால் மணி ஓடிச் சூடேறியதும் தட்டை பொரிக்கிற வாசனை கிளம்பி கலி முழுக்கப் பரவியது. சுவரோரம் எறும்பு வரிசை கட்டியது. எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கிண்ணத்தோடு வந்து "ஆஜ் க்யா த்யோஹார் ஹை?" என்று, இன்றைக்கு என்ன பண்டிகை என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ருக்குவுக்கு ஹிந்தி போதவில்லை. நாலு வடாம் பொரித்துக் கொடுத்து அனுப்பினாள்.

கருப்பசாமி எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தான். மேலே மூடியாக இருக்கும் டேப்பட் கவரைச் சுற்றிக் கறுத்திருந்தது. அடியில் ஆயில் நிற்கிற சேம்பரைச் சுற்றிக் கறுத்திருந்தது. முன்னால், பின்னால், பக்கவாட்டில், எங்கெல்லாம் ரெண்டு இரும்பு ஒட்டுகிறதோ அங்கெல்லாம் கறுத்திருந்தது.

"என்னப்பா?" என்றார் சேஷு.

"ஒரு எடத்துல வடிஞ்சா புண்ணுன்னு சொல்லலாம் சாமி. இது ஒடம்பு பூரா வேர்க்குது. காச்சலு."

"அதுக்கு மருந்து?"

"காச்சலுக்கு மூலம் தெரியலையே. நேரம் கெடக்கு, மொதல்ல சேம்பரைக் கழத்திப் புது பேக்கிங் போடுவோம். ஏ வீராயி, ஆயிலு வடிக்க ஏனம் ஏதாச்சும் எடு, வெரசா!"

"உங்க அவசரத்துக்கு மாமி வீட்டுல ஏனம் காச்சா தொங்குது?" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள். வாளி ரெண்டிலும் குடிக்கிற தண்ணீர் பிடித்து வைத்திருந்தது; குழாய் இனி சாயங்காலம்தான். ருக்கு வடாம் மாவு கிளறும் அலுமினிய அண்டாவைத் தூக்கிக் கொடுத்தாள். கொடுத்த முகத்தைச் சேஷு பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாலு லிட்டர் கறுப்பு ஆயில், சூடாக, கயிறு மாதிரி இறங்கியது. போன தடவை வடித்ததை முற்றத்தில் வைத்து, தெருவில் திரிந்த எருமைக் கன்று வந்து உதைத்துக் கவிழ்த்த கதை வீராயிக்குத் தெரியும். இந்தத் தடவை அண்டாவைத் தூக்கிப் போய் உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தாம்பாளம் போட்டு மூடி, அதன்மேல் வடுமாங்காய் ஜாடியையும் வைத்துவிட்டு வந்தாள்.

பத்து மணிக்கே லூ வீச ஆரம்பித்தது. அடுப்பு வாயைத் திறந்து வைத்தது போன்ற காற்று. பதினொன்றுக்குக் கரண்ட் போயிற்று. கருப்பசாமி சேம்பரைக் கழற்றி, ரெண்டு இரும்புக்கு நடுவில் வைக்கிற பேக்கிங் தாளை அதன் உதட்டின்மேல் விரித்து, சுத்தியலால் ஓரமாகத் தட்டித் தட்டி அளவு எடுத்தான். தட்டின இடத்தில் தாள் அறுந்து வந்தது. போல்ட் ஓட்டைகளுக்குத் தனியாகத் தட்டு. ஒரு தட்டு பிசகினால் தாள் வீண். பிசகியது. இன்னொரு தாளை எடுத்தான்.

மாடி பால்கனியிலிருந்து சர்தார்ஜி எட்டிப் பார்த்து, கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

"இவர் மூணு தரம் பாத்தாச்சு" என்றாள் ருக்கு. "மணி நம்மாத்துல ஓடறதா, அவர் கையில ஓடறதான்னே தெரியலை."

"பேசாம இரேன் ருக்கு."

"நான் பேசாமத்தானே இருந்தேன், ஃப்ரிட்ஜ் வாங்கப் போனவர் சிவப்பு ஃப்ரிட்ஜ் ஓட்டிண்டு வந்தப்போ."

ஒன்றரை மணிக்குப் பேக்கிங்கில் ஷெல்லாக் பசை பூசிச் சேம்பரை மேலே ஏற்றியாயிற்று. கருப்பசாமி வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். ஒரு கை சேம்பரைத் தாங்கியிருந்தது, இன்னொரு கை போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தது. கையை எடுக்க முடியாது. ருக்கு மோர்சாதம் பிசைந்து கொடுக்க, வீராயி வண்டியோரம் குந்தி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் தலைக்கு உருட்டி உருட்டிப் போட்டாள்.

"வாயத் தொறங்க. ஆயிலு வாயில விழுந்துரும், சீக்கிரம் முழுங்குங்க."

"வடு?"

"கேக்குறதப் பாரு, மாப்ள விருந்துக்கு வந்த மாதிரி." இருந்தாலும் ஒன்று கடித்துப் பாதியை அவன் வாயில் வைத்தாள்.

சாப்பாடு ஆனதும் ருக்கு வழக்கம் போல அலமாரியிலிருந்து தசமூலாரிஷ்டம் பாட்டிலை எடுத்தாள். அதன் வாயில் துணி சுருட்டி அடைத்திருந்தது. துணியைப் பிடுங்கும்போது உள்ளே விழுந்திருந்த எறும்பில் பாதியும் கூடவே வந்தது.

"பொங்கல்லேர்ந்து இதுக்குக் கார்க்கைக் காணலை. எத்தனை தடவை கேட்டாச்சு, இந்தாத்துல யாருக்குமே தெரியலையாம். கார்க்குக்குக் கால் மொளைச்சு நடந்து போச்சாக்கும்."

சேஷு கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

அதே நேரத்தில் வெளியே கருப்பசாமி எழுந்து உட்கார்ந்து, தனக்குத்தானே போலக் கேட்டான்: "ஆமா, இந்த எஞ்சினுக்கு மூச்சுக் குழாய் எங்க?"

"என்ன குழாய்?" என்றாள் வீராயி.

"உள்ள வேகுற ஆவி வெளிய போக ஒரு குழாய் இருக்கணும் புள்ள. அது அடைச்சா உள்ள காத்து முட்டும். முட்டுற காத்து ஆயிலத் தள்ளும். நீ எத்தன பேக்கிங் போட்டாலும் ஒவ்வொரு மூட்டுலயும் பிதுக்கிட்டுத்தான் வரும். காச்சலு அதாத்தான் இருக்கணும். ஆனா குழாயக் காணலையே."

சேஷுவுக்குக் குழாய் எங்கே என்று தெரியும். டேப்பட் கவர் பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் நின்றது. ஜம்பு இடம் போதாமல் அதை மேல்நோக்கித் திருப்பி வைத்திருந்தான். ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேஷு வண்டியைத் துடைக்கும்போது அது வாயைத் திறந்துகொண்டு லேசாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷ சர்வீசில் அவர் மேஜையில் எதுவும் திறந்தபடி கிடந்ததில்லை. வந்த காகிதத்துக்குப் பதில் போட்டு, நாடா கட்டி, மூடி வைப்பார். ஜம்பு ஏதோ மூடாமல் விட்டுவிட்டான் என்று நினைத்தார். அரிஷ்டக் கார்க் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. விளிம்போடு விளிம்பாகத் தட்டி இறக்கி, மேலே ஒரு பூச்சு கறுப்புப் பெயிண்டும் அடித்தார். பார்க்க வெகு சுத்தமாக இருந்தது. அடுத்த வாரம்தான் ஒழுக ஆரம்பித்தது. ரெண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு இந்த நிமிஷம் வரை தோன்றவில்லை.

மணி மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். கருப்பசாமி ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக்கொண்டு முகம் கழுவக் குழாயடிப் பக்கம் போனான். சேஷு நைசாக வண்டியண்டை போய், சட்டைப் பையில் இருந்த பேனாக் கத்தியைக் கார்க்கில் குத்தி நெம்பினார். சத்தம் போடாமல் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, 'இதோ குழாய்' என்று காட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. கத்தி வழுக்கியது. கார்க் வெளியே வரவில்லை. அரை விரற்கடை உள்ளே போயிற்று. மறுபடி நெம்பினார். இன்னும் அரை விரற்கடை.

சர்தார்ஜி பால்கனியில் நாற்காலி போடும் சத்தம் கேட்டது.

சேஷு வேர்த்துப்போய் நின்றார். சொல்லாவிட்டால் வீடு போகும். சொன்னால் வீடு நிற்கலாம். ஆனால் அஞ்சு மாசமாக ஜம்புவைத் திட்டினது, ரெண்டு மெக்கானிக்கை மாற்றினது, சர்தாரிணியின் இடுப்பு, கார்க்கைக் கண்டாயா என்று பெண்ணை மிரட்டினது எல்லாம் சேர்ந்து இந்த முற்றத்தில் வந்து நிற்கும். வேலைக்காரி எதிரில் வேறு. அஞ்சு நிமிஷம் யோசித்தார். பிறகு பத்து நிமிஷம். அதற்குள் கருப்பசாமி மறுபடி வண்டிக்கு அடியில் புகுந்து குழாயைத் தேட ஆரம்பித்திருந்தான். மூன்றரை ஆயிற்று.

"கருப்பசாமி" என்றார். "கருப்பசாமி, இதோ இருக்கு."

"எது சாமி?"

"குழாய். நான்தான்… ஜனவரியிலே… ஒரு கார்க் போட்டேன்."

கருப்பசாமி வெளியே வந்து குழாயை எட்டிப் பார்த்தான். அப்புறம் சேஷுவைப் பார்த்தான். வீராயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ருக்குதான் பேசினாள். "என்னோட கார்க்கா?"

"ஆமா."

"பொங்கலுக்குப் போன கார்க்கா?"

"ஆமாங்கறேனே."

"ஏன்னா, எஞ்சினுக்கு மூச்சை அடைச்சேள், சரி. எனக்கேன் அடைச்சேள்? கொழந்தையைப் போட்டு அந்தப் பாடு படுத்தினேளே!"

"சண்டைய அப்புறம் வச்சுக்குங்க மாமி, மணி நாலாகுது" என்றான் கருப்பசாமி. கம்பியை வளைத்துக் கொக்கி போட்டுப் பார்த்தான். கார்க் பிய்ந்ததே ஒழிய வரவில்லை. ருக்கு கொண்டையூசி கொடுத்தாள், அது உடைந்தது. நாலடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சர்தார்ஜியின் மருமான் மாடியிலிருந்து இறங்கி வந்து, மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பை வண்டிக்கு அடியில் இழுத்துப் பரப்பிவிட்டு ஓரமாகக் கைகட்டி நின்றான். சர்தார்ஜி பால்கனியில் லஸ்ஸி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"சலோ ஜி" என்றார் மேலேயிருந்து.

கருப்பசாமி சேஷு காதோரம் சொன்னான்: "உள்ள முட்டுற காத்தே வெளிய தள்ளட்டும் சாமி. நீங்க உக்காந்து போடுங்க, நல்லா அமுக்குங்க. தள்ளலைன்னா நம்ம விதி."

சேஷு உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ரெண்டு தரம் இருமிப் பிடித்துக்கொண்டது. காலை அமுக்கினார். வண்டி முழுக்கக் குலுங்கியது. ஒன்றுமில்லை. இன்னும் அமுக்கினார். 'டப்' என்று தீபாவளிச் சத்தம் ஒன்று கேட்டது. கறுப்பாக ஏதோ ஒன்று பானெட் ஓட்டை வழியாகக் கிளம்பி, துணி உலர்த்தும் கொடியைத் தாண்டி, மாடி உயரம் போய், அங்கே சற்று நின்று யோசித்து, நேராகச் சர்தார்ஜியின் லஸ்ஸிக்குள் இறங்கியது.

பத்து நிமிஷம் எஞ்சின் ஓடியது. மூச்சு வந்த சந்தோஷமோ என்னவோ, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கடகடத்தது. போதும் போதும் என்று சர்தார்ஜி காதைப் பொத்திக்கொண்டு கீழே வந்தார். எஞ்சினை நிறுத்தினார்கள். பிறகு ஐந்து பேரும் அந்த வெயிலில் ஐம்பது நிமிஷம், பேச்சு மூச்சில்லாமல், ஒரு வெள்ளைத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கூட அப்படி யாரும் நின்றிருக்க மாட்டார்கள். மருமான் நடுவில் சலித்துப்போய் மாடியேறிவிட்டான். சேஷுவின் மூக்கு நுனியிலிருந்து ஒரு வேர்வைச் சொட்டு விழப் பார்த்தது. ருக்கு அவரைப் பின்னால் இழுத்துவிட்டாள்.

ஐந்து அடித்தது. சர்தார்ஜி குனிந்து விரிப்பை உருவினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார். ஒன்றுமில்லை. அப்படியே நாளைக்கு விரிக்கலாம்.

"கமால் ஹை" என்று மனசில்லாமல் ஆச்சரியப்பட்டார். பிறகு உள்ளங்கையை நீட்டினார். அதில் லஸ்ஸியில் ஊறிய கார்க். "ஆனால் இது என்ன?"

"அது என்னுது" என்று ருக்கு தமிழிலேயே சொல்லி வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்குச் சர்தார்ஜி வீட்டிலிருந்து ஒரு தட்டு ஜிலேபி வந்தது. திங்கட்கிழமை வண்டியை ஓரமாகத் தள்ளிவைத்து, முற்றம் முழுக்க வெள்ளை விரித்துப் பாட் நடந்தது. சேஷு குடும்பம் அந்த வீட்டில் இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. எந்த ஒழுக்கானாலும் முதலில் மூச்சுக் குழாயைப் பார் என்பதைக் கருப்பசாமி ஜண்டேவாலான் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கினான். சேஷுவும் ஆபீசில் நாலு பேருக்குச் சொன்னார், கார்க் யார் போட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டு.

செவ்வாய்க்கிழமை காலையில் ருக்கு வடுமாங்காய் எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தபோது, ஞாயிற்றுக்கிழமை வடித்து வைத்த நாலு லிட்டர் ஆயிலும், எஞ்சினுக்குள் திரும்பிப் போகாமல், ஒரு சொட்டுக் குறையாமல், அண்டாவிலேயே இருந்தது.